கண்டிப் போரின் படிகள்



கண்டி நகரத்திலிருந்து கட்டுகஸ்தோட்டைப் பக்கமாகச் சில மைல் தூரம் சென்றால், மகாவலி கங்கையின் கரையிலே வட்டாப்புளுவை என்னும் ஊரை அடையலாம். இன்று வீடுகள் நெருங்கி நிற்கும் புறநகர்ப் பகுதி அது. அவ்வழியே நாள்தோறும் பேருந்திற் செல்பவர்களுள் எத்தனை பேர் அங்கே முன்னர் நிகழ்ந்ததை எண்ணிப் பார்ப்பார்களோ, அறியேன். 1803ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் இறுதியிலே, ஆங்கிலேயப் படையொன்று அந்த ஆற்றங்கரையில் வந்து நின்றது. ஆறு பெருகி ஓடிக்கொண்டிருந்தது. கடக்கத் தோணியில்லை. திரும்பிச் செல்லவும் வழியில்லை. அங்கேதான் அந்தப் படை அழிந்தது. படைத்தலைவன் மேஜர் டேவியின் பெயரால் வழங்கிய ஒரு மரம் நெடுங்காலம் அந்நிகழ்ச்சிக்கு அடையாளமாய் இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது பாடசாலையின் மேல்வகுப்பு மாணாக்கரை அந்த ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றேன். நடந்த கதையைச் சொல்லி முடித்ததும், பின்வரிசையில் நின்ற பையன் ஒருவன், "ஐயா, பாக்குக்காகவா இத்தனை பேர் செத்தார்கள்?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தளத்து வியாபாரிகளின் பாக்கைக் கண்டியார் பறித்தமையே 1803ஆம் ஆண்டுப் போருக்குக் காரணம் என்று அவர்களுக்குக் கற்பித்தவன் நான்தான். அதனைப் பரீட்சையில் எழுதினால் புள்ளியும் கிடைக்கும். ஆனால் அந்தப் பையனின் கேள்விக்கு அது விடையாகுமா? அன்று ஆற்றங்கரையிலே சொல்லத் தவறிய விடையை இன்று உங்கள் முன்னிலையில் சொல்ல விரும்புகின்றேன்.

திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்திலே ஒரு வண்டியைக் காட்டுகின்றார். மயிலிறகைப்போல இலேசான பொருள் வேறு யாது? ஆயினும் அளவறியாது மேன்மேலும் ஏற்றினால் அந்த வண்டியின் அச்சும் முறிந்துபோகும் என்கின்றார். எந்த இறகு அச்சை முறித்தது என்று நாம் தேடத் தேவையில்லை. ஒவ்வோர் இறகையும் ஏற்றியவன், "இது ஓர் இறகுதானே" என்று மனமாரச் சொல்லியிருப்பான். அவன் சொன்னது பொய்யுமன்று. அரசாங்கங்கள் அயல்நாட்டுப் போர்களில் அகப்பட்டுக்கொள்ளும் விதம் பெரும்பாலும் இதுவே.

அன்றைய நிலைமையைச் சிறிது நினைவூட்டிக் கொள்வோம். 1796ஆம் ஆண்டிலே ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆங்கிலேயர் கைப்பற்றினர். மலைநாடோ தனி இராச்சியம். அதற்குத் தனியரசன், தனிச்சட்டம், தனிக்கொடி. கொழும்பிலிருந்த அரசாங்கத்துக்குக் கண்டி அயல்நாடே. 1798ஆம் ஆண்டிலே கண்டியரசன் இராசாதி இராசசிங்கன் மகப்பேறின்றி இறந்தான். மகா அதிகார் என்னும் முதன்மைப் பதவியிலிருந்த பிலிமத்தலாவை, நாயக்கர் குலத்துக் கண்ணுசாமி என்னும் இளைஞனை அரியணையில் ஏற்றினார். பதினெட்டு வயதளவினனாகிய அந்த இளைஞனே பின்னர் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் எனப் பெயர் பெற்றான். இறந்த அரசனின் மைத்துனன் முத்துசாமியும் அரியணைக்கு உரிமை கோரியவன். அவன் தப்பியோடி ஆங்கிலேயரின் பாதுகாப்பை நாடினான்.

அடைக்கலம் புகுந்தவனைக் காப்பது எந்த அரசுக்கும் அடுக்கும். அதனை யாரும் குற்றஞ் சொல்லார். எனினும் அதுவே முதற்படி. அண்டை நாட்டின் அரியணைக்கு உரிமை கோரும் ஒருவனைக் கையில் வைத்திருக்கும் அரசு, என்றாவது ஒருநாள் அவனைப் பயன்படுத்தினால் என்ன என்று எண்ணாமல் இருப்பது அரிது.

இரண்டாவது படி ஓர் உரையாடல். 1799ஆம் ஆண்டிலே அவிசாவளையில் வைத்துப் பிலிமத்தலாவை, ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த்தைச் சந்தித்தார். தாம் ஏற்றிவைத்த அரசனை அகற்றத் துணைசெய்ய வேண்டும் என்பது அவரது வேண்டுகோள். அரசனைக் கொல்வதற்கு நோர்த் உடன்படவில்லை. ஆனால் எழுந்து போய்விடவுமில்லை. அக்காலத்தில் இந்தியாவிலே வெல்லெஸ்லி பிரபு, சுதேச மன்னரின் தலைநகரங்களில் ஆங்கிலப் படையை இருத்தி, அதன் செலவை அம்மன்னரிடமே பெற்று, அரசை மெல்ல மெல்லத் தம் கைக்குள் கொண்டுவரும் முறையைக் கையாண்டு வந்தார். அதே முறையைக் கண்டியிலும் கையாளலாம் என்று நோர்த் கருதினார். அரசன் பெயருக்கு இருப்பான். அதிகாரம் பிலிமத்தலாவையிடம் இருக்கும். படை ஆங்கிலேயருடையதாய் இருக்கும். கொழும்பையும் திருகோணமலையையும் இணைக்கும் பாதை கண்டி இராச்சியத்தினூடாகவே செல்லவேண்டியிருந்தமையும் அவர் மனத்தில் இருந்தது. பேச்சுவார்த்தைக்குப் பணச்செலவு உண்டா? உயிர்ச்சேதம் உண்டா? பேசிப் பார்ப்பதில் நட்டம் என்ன என்றே எவருக்கும் தோன்றும்.

மூன்றாவது படி 1800ஆம் ஆண்டில் வைக்கப்பட்டது. ஜெனரல் மக்டவல் தலைமையிலே கண்டிக்கு ஒரு தூது சென்றது. தூதுவனுக்குக் காவல் வேண்டுமல்லவா? ஆயிரத்துக்கு மேற்பட்ட துருப்பினர் காவலாகச் சென்றார்கள். கூடவே பீரங்கிகளும் சென்றன. ஆனால் மலைப்பாதை இடங்கொடாமையால் படையின் பெரும்பகுதி வழியிலேயே நின்றுவிட்டது. அரசன் தூதுவனை உபசரித்தான், கேட்டதைக் கொடுக்கவில்லை. தூது வெறுங்கையுடன் திரும்பியது. தேசாதிபதியோ, தம்முடைய எண்ணம் பலிக்காமல் எல்லாரும் அறியத் திரும்பிய ஒருவரானார். இங்கேதான் மானம் என்னும் பொருள் வண்டியில் ஏறுகின்றது. அதற்குப் பின்னர் ஏறும் ஒவ்வோர் இறகுக்கும் கனம் அதிகம்.

பாக்கு வருவது இதற்குப் பின்னரே. 1802ஆம் ஆண்டிலே, ஆங்கிலேயரின் குடிகளாகிய புத்தளத்துச் சோனக வியாபாரிகள் கண்டி நாட்டிலே கொள்வனவு செய்த பாக்குக் கண்டி அதிகாரிகளாற் பறிக்கப்பட்டது. நோர்த் இழப்பீடு கேட்டார். கண்டியார் தருவதாகச் சொன்னார்கள், தரவில்லை. வேறொரு காலத்தில் இப்படியொரு வழக்கு ஓலைப் போக்குவரவிலே ஆண்டுக்கணக்காக இழுபட்டுத் தானே ஓய்ந்திருக்கும். ஆனால் அந்த அரசாங்கம் மூன்று படிகள் ஏறி நின்றுகொண்டிருந்தது. அங்கே நின்று பார்த்தவர்களுக்குப் பாக்கு மூடை ஒரு மலையளவாகத் தோன்றிற்று.

1803ஆம் ஆண்டு ஜனவரி இறுதியிலே மக்டவல் கொழும்பிலிருந்து புறப்பட்டார். சில நாட்களின் பின் கேணல் பார்பட் திருகோணமலையிலிருந்து புறப்பட்டார். இரண்டு படைகளிலுமாகச் சுமார் 3,000 பேர். பெப்ரவரி மாதத்திலே அவர்கள் கண்டியை அடைந்தபோது நகரம் வெறுமையாய் இருந்தது. மாளிகையின் ஒரு பகுதி எரிந்துகொண்டிருந்தது. அரசன் ஹங்குரன்கெத்தைப் பக்கம் போய்விட்டான். கண்டியாரின் பழைய போர்முறை அதுதான். வருபவனை வரவிடுவது, மழைக்கும் காய்ச்சலுக்கும் அவனை ஒப்படைப்பது, பின்னர் பாதையை மூடுவது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அந்தப் பாடத்தைப் படித்தவர்களே. அது கொழும்பில் ஒருவரும் அறியாத இரகசியமன்று.

நகரம் கையில் வந்தது. இழப்பீடு கொடுக்க ஆளில்லை. இனி என்ன செய்வது? அப்போதுதான் அடைக்கலமாக வைத்திருந்த முத்துசாமியின் நினைவு வந்தது. மார்ச் மாதம் 8ஆம் திகதி அவனுக்கு முடிசூட்டினார்கள். அவன் ஏழு கோறளைப் பகுதியையும், திருகோணமலைக்கு வீதி அமைக்க நிலத்தையும் கொடுப்பதாக எழுதிக் கொடுத்தான். ஆனால் அவனைத் தேடி ஒரு பிரதானியும் வரவில்லை. ஒரு குடியானவனும் வரவில்லை. குடிகள் இல்லாத அரசனுக்குக் காவல் வேண்டும். ஆகவே கண்டியிலே ஒரு படை நிறுத்தப்பட்டது. அந்தப் படைக்கு அரிசி போகப் பாதை வேண்டும். ஆகவே பாதையோரங்களிலே காவற்கோட்டைகள் நிறுவப்பட்டன. அக்கோட்டைகளைக் காக்க மேலும் துருப்பு வேண்டியதாயிற்று. இழப்பீடு வாங்கப் புறப்பட்ட படை, தன்னைத் தானே காப்பதற்காக அங்கே தங்கியிருக்கும் படையாக மாறியது. எந்த நாளில் இந்த மாற்றம் நிகழ்ந்தது என்று எந்தக் கடிதத்திலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஏனெனில் அப்படியொரு தீர்மானத்தை ஒருவரும் எடுக்கவில்லை.

இதற்குள் இன்னொரு வேடிக்கையும் நிகழ்ந்தது. வேடிக்கை என்றா சொல்வது! முடிசூட்டிய மாதம் முடிவதற்குள்ளேயே, பிலிமத்தலாவையுடன் மக்டவல் வேறோர் ஏற்பாட்டுக்கு இணங்கினார். அதன்படி கண்டியைப் பிலிமத்தலாவை ஆள்வார். முத்துசாமி யாழ்ப்பாணத்துக்குப் போய் அங்கே தன் சபையை வைத்துக்கொள்ளலாம். நேற்று ஏற்றிய அரசனை இன்று இறக்கவும் துணிந்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது அங்கிருந்து வெளியேறுவதற்கு ஒரு கௌரவமான வாயில். அந்த வாயிலைக் காட்டியவரோ வேறு கணக்கு வைத்திருந்தார்.

ஏப்ரில் மாதத் தொடக்கத்திலே மக்டவல் பெரும்படையுடன் திரும்பினார். ஏறக்குறைய ஆயிரம் பேர் கண்டியில் விடப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மலாய்க்காரர். ஐரோப்பியர் சிலநூறு பேர். காட்டுக்காய்ச்சல் அவர்களை வாட்டியது. கேணல் பார்பட் காய்ச்சலில் இறந்தார். மே மாதத்திலே திரும்பி வந்த மக்டவலும் நோயுற்று ஜூன் மாதத்திலே கொழும்புக்குப் போனார். பொறுப்பு மேஜர் டேவியின் தலையில் விழுந்தது. அப்பதவியை அவர் விரும்பி ஏற்றவர் அல்லர். ஜூன் 24ஆம் திகதி கண்டியார் சூழ்ந்து தாக்கினர். அன்றே டேவி சரணடைந்தார். நடக்க இயலாத நோயாளிகள் நூற்றுக்கு மேற்பட்டவர்களை நகரிலே விட்டுவிட்டு, மற்றவர்களுடன் திருகோணமலைப் பாதையிலே புறப்பட்டு வட்டாப்புளுவைத் துறைக்கு வந்தார்.

ஆற்றங்கரையிலே அரசனின் ஆட்கள் முத்துசாமியை ஒப்படைக்கும்படி கேட்டார்கள். டேவி முதலில் மறுத்தார், பின்னர் ஒப்படைத்தார். ஆங்கிலேயரின் சொல்லை நம்பி வந்து, ஆங்கிலேயராலேயே முடிசூட்டப்பட்டு, ஏறக்குறைய நூறு நாள் அரசன் என்று பெயர் சுமந்த அந்த மனிதன் கொல்லப்பட்டான். அவனை ஒப்படைத்தும் படை தப்பவில்லை. ஐரோப்பிய வீரர்கள் வரிசையாக அழைத்துச் செல்லப்பட்டு வெட்டுண்டனர். நகரில் விடப்பட்ட நோயாளிகளுக்கும் அதே கதி. மலாய்ப் படைத்தலைவர் நூருதீன், கண்டியரசனிடம் சேவை செய்ய மறுத்து உயிரைக் கொடுத்தார். பார்ன்ஸ்லி என்னும் சிப்பாய் காயத்துடன் தப்பிச் சென்று செய்தி சொன்னான். டேவி சிறைப்பட்டுப் பல ஆண்டுகள் கண்டி நாட்டிலேயே வாடி, விடுதலை காணாமலே மாண்டார்.

நேயர்களே, யாழ்ப்பாணத்து வேலி வழக்குகளைப்பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு சாண் நிலத்துக்காக வழக்காடத் தொடங்கியவர், முதற்கோட்டில் தோற்றதும் மேன்முறையீடு செய்வார். "இவ்வளவு செலவழித்துவிட்டு இப்போது விடுவதா?" என்பார். கடைசியிலே வேலி கிடைக்கும்; வளவு விலைப்பட்டிருக்கும். அவரை நாம் மூடர் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் அவர் போட்ட கணக்கு அவரளவிற் சரியானதே. விட்டுவிட்டால் இதுவரை போட்டதெல்லாம் நட்டம். இன்னும் சிறிது போட்டால் எல்லாம் திரும்பக் கிடைக்கலாம். அரசாங்கங்களும் இந்தக் கணக்கையே போடுகின்றன. வேறுபாடு ஒன்றே. வேலி வழக்கிலே சொந்தப் பணம் செலவாகின்றது. அரசாங்கத்தின் வழக்கிலே பிறர் பிள்ளைகளின் உயிர் செலவாகின்றது.

அழிவுக்குப் பின்னரும் அவர்கள் படியிறங்கவில்லை. அவமானத்தைத் துடைக்கவேண்டும் என்னும் புதிய காரணம் பிறந்துவிட்டது. இரு தரப்பும் எல்லைப்புறக் கிராமங்களை எரித்தன. 1804ஆம் ஆண்டிலே ஆறு வழிகளால் ஒரே வேளையிற் கண்டியைத் தாக்குவதெனத் திட்டமிட்டுப் பின்னர் கைவிட்டார்கள். திட்டம் மாறிய செய்தியைத் தெளிவாக உணராத கப்டன் ஜோன்ஸ்ரன், சுமார் 300 பேருடன் மட்டக்களப்பிலிருந்து தனியே கண்டிக்கு வந்து சேர்ந்தார். மற்ற ஐந்து படைகளும் வரவில்லை. பலரை இழந்து, சண்டையிட்டுக்கொண்டே அவர் திருகோணமலைக்குத் திரும்பினார். யாருக்காக, எதற்காக என்று அந்தச் சிப்பாய்கள் கேட்டிருந்தால் விடைசொல்ல யாரால் முடிந்திருக்கும்? பாக்கு அப்போது ஒருவர் நினைவிலும் இல்லை.

இனி நான் சொல்லப்போவது நமது பாடநூல்களிலே சில வரிகளில் முடிந்துவிடும் செய்தி. என் மனத்தில் அதுவே இந்த வரலாற்றின் நடுநாயகம். 1805ஆம் ஆண்டிலே சேர் தோமஸ் மெயிற்லண்ட் தேசாதிபதியாக வந்தார். அவர் சாந்தசீலர் அல்லர், கண்டிப்பான படைவீரர். அவர் கணக்குகளைப் பார்த்தார். போர் எவ்வளவு விழுங்கியது, என்ன கொடுத்தது என்று பார்த்தார். நிறுத்திவிட்டார். வெற்றி விழா இல்லை. சமாதான உடன்படிக்கையும் இல்லை. எல்லையைத் தாண்டவேண்டாம் என்று படைகளுக்குச் சொன்னார், அவ்வளவே. கண்டியாரும் தாண்டவில்லை. அவர் 1811இல் விடைபெறும்வரை அந்த எழுதப்படாத அமைதி நிலைத்தது. ஆகாயம் இடிந்து விழவில்லை. ஆங்கிலேயரின் மானமும் கப்பலேறவில்லை. ஏறிய படியிலிருந்து இறங்க முடியாது என்று எவராவது சொன்னால், நான் அவருக்கு மெயிற்லண்டின் இந்த ஆறாண்டுகளைக் காட்டுவேன்.

ஆனால் அதே ஆண்டுகளிலே வேறொரு படிக்கட்டும் ஓசையின்றி எழுந்துகொண்டிருந்தது. சிங்கள மொழியை நன்கு கற்ற ஜோன் டொயிலி என்னும் அதிகாரி, ஒற்றர் வாயிலாகவும் ஓலை வாயிலாகவும் கண்டிப் பிரதானிகளின் மனக்குறைகளைத் திரட்டிவந்தார். 1812இல் தேசாதிபதியாக வந்த பிரவுண்றிக் அந்தச் செய்திகளை மெயிற்லண்டைப்போல வெறுமனே வாசித்துவிட்டு வைத்துவிடவில்லை. பிலிமத்தலாவை அரசனால் மரணதண்டனை பெற்றபின் மகா அதிகாராகிய எகலப்பொலை, 1814இல் அரசனை எதிர்த்து எழுந்து, தோற்று, ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். கண்டியிலே அவருடைய மனைவி மக்கள் கொடுமையாகக் கொல்லப்பட்டனர். கொழும்பிலிருந்து சென்ற வியாபாரிகள் சிலர் அங்கம் குறைக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டனர். இக்கொடுமைகள் மெய். அவற்றை மறைப்பது வரலாறாகாது. ஆனால் கொடுமையைக் கண்டு கொதித்தவர்களும் அதனைக் காத்திருந்தவர்களும் ஒரே அரசாங்கத்தில் இருந்தார்கள் என்பதையும் மறைத்தலாகாது.

1815ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் திகதி போர்ப் பிரகடனம் வெளிவந்தது. தமது படை கண்டி மக்களுக்கு எதிராக வரவில்லை, கொடுங்கோலனுக்கு எதிராகவே வருகின்றது என்று பிரவுண்றிக் அறிவித்தார். இம்முறை பிரதானிகள் பலர் அரசனைக் கைவிட்டிருந்தார்கள். பெப்ரவரி நடுப்பகுதியிலே கண்டி வீழ்ந்தது. 18ஆம் திகதி மெதமகாநுவரைப் பக்கத்திலே அரசன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் திகதி, தலதா மாளிகைக்கு அண்மையிலுள்ள மகுல்மடுவ என்னும் மரத்தூண் மண்டபத்திலே கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. அரசன் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே காலமானான். ஆங்கிலேயர் தரப்பிலே இரத்தம் சிந்தாத வெற்றி என்று அதனைக் கொண்டாடினார்கள்.

இரத்தம் பின்னரே சிந்தியது. கொடுங்கோலனை அகற்ற வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. 1817இல் ஊவாவிலே கிளர்ச்சி மூண்டது. பதுளையிலிருந்த ஆங்கில அதிகாரி வில்சன் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொலை, கிளர்ச்சிக்காரர் பக்கமே சேர்ந்து தலைமை ஏற்றார். இந்தியாவிலிருந்து துருப்புகள் வரவழைக்கப்பட்டன. வீடுகளும் வயல்களும் எரிக்கப்பட்டன, கால்நடைகள் அழிக்கப்பட்டன. 1818 நவம்பர் 26ஆம் திகதி கெப்பெட்டிப்பொலை கண்டியிலே சிரச்சேதம் செய்யப்பட்டார். எடின்பரோவுக்குக் கொண்டு செல்லப்பட்ட அவரது மண்டையோடு, நாடு சுதந்திரம் பெற்ற பின்னரே திரும்பி வந்து, இன்று தலதா மாளிகை முன்றலில் அவரது நினைவுத்தூணின் கீழ் இருக்கின்றது. அக்காலத்தில் இங்கே பணியாற்றிய மருத்துவர் ஜோன் டேவி என்பவர் வேறொரு டேவி. வாளாலும் நோயாலும் பஞ்சத்தாலும் மாண்ட கண்டி மக்கள் பதினாயிரம் பேர்வரை இருக்கலாம் என்று அவர் மதிப்பிட்டார். ஆங்கிலேயர் பக்கத்தில் சுமார் ஆயிரம். அவிசாவளையிலே ஓர் உரையாடலுடன் தொடங்கிய காரியம் பத்தொன்பது ஆண்டுகளிலே இங்கு வந்து நின்றது.

இது பழங்கதைதானே என்று சிலர் நினைக்கலாம். நமது காலத்துக்கு வருவோம். வியட்நாமிலே அமெரிக்கா முதலில் அனுப்பியது ஆலோசகர்களை. 1963ஆம் ஆண்டு முடிவிலே அவர்கள் சுமார் 16,000 பேர். 1965 மார்ச் மாதத்திலே டா நாங் விமானத்தளத்தைக் காக்கவென 3,500 படைவீரர் இறங்கினர். தளத்தைக் காக்கச் சுற்றுப்புறத்தைக் காக்கவேண்டும். சுற்றுப்புறத்தைக் காக்க அதற்கப்பாலும் செல்லவேண்டும். மூன்றாண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கே நின்றார்கள். 1973இல் வெளியேறினார்கள். உயிரிழந்த அமெரிக்கர் 58,000க்கு மேல். வியட்நாமியரோ பல இலட்சம்.

நமது நாட்டு மண்ணிலும் கண்டோம். 1983க்குப் பின்னர் தமிழ் இளைஞர் இயக்கங்களுக்கு இந்தியாவிலே பயிற்சி கிடைத்தது. 1987 ஜூன் மாதத்திலே இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. ஜூலை 29ஆம் திகதி கொழும்பிலே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அமைதி காக்கும் படை வந்திறங்கியது. மாலையிட்டு வரவேற்றார்கள். ஒக்டோபர் மாதத்திலே அந்தப் படை விடுதலைப் புலிகளுடன் யாழ்ப்பாணத்துத் தெருக்களிலே போரிட்டுக்கொண்டிருந்தது. 1990 மார்ச் மாதத்திலே கடைசித் துருப்பும் கப்பலேறியபோது, இந்தியச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் திரும்பிச் செல்லவில்லை. எங்கள் மக்களுள் மாண்டவர்களின் பெயர்களை அந்தந்தக் குடும்பங்களே நினைவில் வைத்திருக்கின்றன. உணவுப் பொதி போட்ட நாளிலே இதனை ஒருவராவது விரும்பியிருப்பாரா?

இத்தகைய வரலாறுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும்போது சில அடையாளங்கள் தெரிகின்றன. முதலாவது, போர் என்னும் சொல் வெகுநாள் வெளிவருவதில்லை. தூது என்பார்கள், காவல் என்பார்கள், இழப்பீடு, ஆலோசனை, உதவி என்பார்கள். இரண்டாவது, புதிய படியின் காரணம் பழைய படியாகவே இருக்கும். அனுப்பியவரைக் காக்க இன்னும் சிலரை அனுப்புவார்கள். மூன்றாவது, அந்த நாட்டைப்பற்றிய செய்தியைச் சொல்பவர், அந்தத் தலையீட்டினால் இலாபம் அடையக் காத்திருப்பவராய் இருப்பார். பிலிமத்தலாவை சொன்னதை நோர்த் நம்பியதுபோல, இன்றும் நம்புவோர் உளர். நான்காவது, எது கிடைத்தால் திரும்புவோம் என்பதை ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

இந்த நான்காவதே முக்கியமானது என்பது என் கருத்து. 1803 ஜனவரியிலே நோர்த்தின் சபையில் ஒருவர் எழுந்து, "பாக்கின் விலை கிடைத்தாற் படை திரும்புமா? கிடைக்காவிட்டால் எந்த நாளிலே திரும்பும்?" என்று கேட்டிருந்தால், விடை சொல்லத் திணறியிருப்பார்கள். அந்தத் திணறலிலேயே ஆயிரம் பேர் பிழைத்திருக்கக் கூடும்.

அன்று ஆற்றங்கரையிலே கேள்வி கேட்ட மாணவனுக்கு நான் இப்போது சொல்வது இதுதான்: தம்பி, பாக்குக்காக ஒருவரும் சாகவில்லை. ஒரு படி ஏறியவர்கள் இறங்குவதற்கு வெட்கப்பட்டார்கள். அந்த வெட்கத்துக்காகச் செத்தார்கள். செத்தவர்கள் வெட்கப்பட்டவர்கள் அல்லர். நோர்த் தம் பதவிக்காலம் முடிந்து பத்திரமாக ஊர்போய்ச் சேர்ந்தார். மகாவலிக் கரையிலே கிடந்தவர்கள் இங்கிலாந்தின் ஏழைக் குடிகளின் பிள்ளைகள். மலாய்க்காரர் குடும்பங்கள் கொழும்பிலே காத்திருந்து ஏமாந்தன. கண்டிக் கிராமங்களிலே எரிந்த வயல்களின் சொந்தக்காரருக்குப் பாக்கு வியாபாரத்திலே பங்கேதும் இருந்ததில்லை.

அதன்பின் நான் வகுப்பிலே இந்தப் பாடத்தைக் கற்பிக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். போரின் காரணங்கள் யாவை என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. எந்தெந்த நாளிலே இவர்கள் திரும்பியிருக்கலாம் என்றும் கேட்கின்றேன். பிள்ளைகள் கரும்பலகையிலே ஒவ்வொன்றாக எழுதுகின்றார்கள். அவிசாவளை, 1799. தூது திரும்பிய நாள், 1800. வெறுமையான நகரத்தைக் கண்ட நாள், 1803 பெப்ரவரி. அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகின்றது. பரீட்சைக்கு அது உதவுமோ அறியேன். வாக்குரிமை பெற்று, செய்தித்தாளிலே காவல் என்றும் உதவி என்றும் படிக்கும் காலத்திலே அவர்களுக்கு உதவும் என்று நம்புகின்றேன்.